தறி நிற்காத கதை

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். வெல்லாவெளிப் பக்கம் வயல் வேலைக்குப் போன நான் காய்ச்சலில் விழுந்துவிட்டேன். எழும்பியபோது அறுவடை முடிந்திருந்தது, கூலியும் இல்லை. நடந்தும் தோணியில் தொற்றியும் மட்டக்களப்புப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தேன். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் உரக்க, தடங்கலில்லாமல் வாசிப்பேன். அந்த ஒன்றுக்காகவே ஓர் அச்சுக்கூட முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார்.

அங்கே கல்யாண அழைப்பிதழும் நோட்டீசும் போக, மாதமொரு துப்பறியும் கதைப் புத்தகமும் அச்சாகும். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஏறாவூர், செங்கலடி, காத்தான்குடி என்று விற்றுவருவது என் வேலை. காத்தான்குடியில் ஒரு நெசவுக் கொட்டிலில்தான் நல்ல விற்பனை. வாசலில் நின்று முதல் சில பக்கங்களை வாசிப்பேன். வாசிக்க வாசிக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். எல்லாம் நின்றதும் நானும் நிறுத்திவிடுவேன். மிச்சக் கதை வேண்டுமென்றால் புத்தகத்தை வாங்கவேண்டியதுதான்.

கதைகளை எழுதியவர் பட்டினத்து அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஒருவர். அவர் எழுதிக் கொண்டுவருவது ஒரு கதை, அச்சில் வருவது வேறொரு கதை. நடுவில் இருந்தவர் முதலாளியின் தங்கை. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கத்தரிக்கோலும் சோற்றுப் பசையுமாக உட்கார்ந்து கிளாக்கரின் தாள்களை வெட்டி ஒட்டுவார். பத்தாம் பக்கத்துப் பிணம் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். கொலைகாரனின் திருட்டு முழி கடைசிக்குப் போய்விடும். நிலா வருணனை அடுப்புக்குப் போகும். ஆனால் அட்டையில் 'எழுதியவர்' என்று கிளாக்கரின் பெயரும் 'திருத்திப் பதிப்பித்தவர்' என்று முதலாளியின் பெயரும்தான் இருக்கும்.

ஒருநாள் அக்கா நேராகவே கேட்டார். "திருத்திறது நான். இனி அந்த இடத்தில என்ட பேரப் போடுங்க அண்ணன்."

முதலாளி சிரித்தார். "கொலைக் கதையில பொம்பிளைட பேரா? கடையில ஆர் வாங்குவான்?"

பக்கத்தில் இருந்த கிளாக்கருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "கமா போட்டதுக்கெல்லாம் பேரெண்டா, மை பூசிறவனுக்கும் போடவேணுமே!"

"அப்ப அடுத்த கதைக்குக் கமாவையும் நீங்களே போடுங்க" என்று சொல்லிக் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார் அக்கா. பிறகு அச்சுக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

அடுத்த புத்தகம் கிளாக்கர் எழுதியபடியே வந்தது. கொட்டில் வாசலில் நின்று வாசித்தேன். நிலா உதித்தது, உதித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் சமையல்காரன் கையைப் பிசைந்துகொண்டு தனியாகச் சிரித்தான். குரலை உயர்த்திப் பார்த்தேன். ஒரு தறிகூட நிற்கவில்லை.

நெசவாளி ஒருவர் தலையைத் திருப்பாமலே சொன்னார். "தம்பி, கொலை செஞ்சவன் சமையக்காரன் எண்டு எனக்கே விளங்கிட்டு. உங்கட துப்பறியிற ஆளுக்கு எப்ப விளங்கும்? நோன்புப் பெருநாளைக்குள்ளயாவது விளங்குமா?"

கொட்டிலே சிரித்தது. கொண்டுபோன புத்தகப் பாரத்தோடு அப்படியே திரும்பினேன். முதலாளி என்மேல் பாய்ந்தார். "உனக்கு வாசிக்கத் தெரியல்ல!"

"அப்ப நீங்க வந்து வாசிங்க முதலாளி" என்றேன்.

மறுநாள் வந்தேவிட்டார். மேடைப் பேச்சுக்காரர் மாதிரி ஏற்றி இறக்கி வாசித்தார். தறிகள் தம் பாட்டுக்கு ஓடின. அதே நெசவாளி கேட்டார்: "ஐயா, முந்தின கதையெல்லாம் திருத்தித் தந்த ஆள் எங்க? மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாரா?"

முதலாளி புத்தகத்தை மூடி, அட்டையைக் கையால் மறைத்தார். அட்டையில் இருந்தது அவருடைய பெயர்தானே. நான் வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தெரியும். எனக்கு வேலை போவது புதிதல்ல. நெசவாளியை அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் முறையில், காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

"அட்டையில இருக்கிறது இவர்ர பேர் காக்கா. திருத்தினது இவர்ர தங்கச்சி. தன்ட பேரப் போடச் சொல்லிக் கேட்டா, போடல்ல. இப்ப அவ திருத்திறல்ல."

"ஏன் போடல்ல?"

"பொம்பிளைட பேர் இருந்தா நீங்க வாங்கமாட்டீங்களாம்."

அப்போதுதான் தறிகள் நின்றன.

"நான் பேரையா வாசிக்கிற?" என்றார் நெசவாளி. "ஆனா முதலாளி, பேரச் சரியாப் போட்டாத்தானே எந்தப் பொஸ்தகத்துக்குக் காசு குடுக்கிற எண்டு எங்களுக்குத் தெரியும்!"

கல்லடிப் பாலம் தாண்டிப் பட்டினத்துக்குத் திரும்பினோம். முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கையை மறுபடி திருத்த வரச்சொல்லி அழைத்தார். உள்ளே மூலையில் அல்ல, அட்டையில், கிளாக்கரின் பெயர் அளவிலேயே தன் பெயரும் வேண்டும் என்றார் அக்கா. கிளாக்கர் துள்ளினார், இனி எழுதமாட்டேன் என்றார்.

"நீங்க எழுதாட்டி வேற ஆள் எழுதும். அவ திருத்தாட்டி ஆரும் வாங்கான்" என்றார் முதலாளி. கிளாக்கர் எழுதினார்.

புதிய அட்டை வந்த அன்று அக்கா கண்கலங்குவார் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மை கூடிப்போச்சு, குறைச்சு அடிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். செங்கலடியில் ஒரு கடைக்காரர் பெண் பெயர் தெரியாதபடி புத்தகங்களைக் குப்புற அடுக்கிவைத்தார். நான் போகும்போதெல்லாம் நிமிர்த்தி வைத்தேன். விற்றன.

பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ தொழில். எங்கே நல்ல வேலையைக் கண்டாலும், அதைச் செய்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் புகழ்வதில்லை. அக்காவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை; நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை, அவர் கேட்டுப் போடவைத்த பெயர் அந்தப் புத்தகங்களின் அட்டையிலேயே இருக்கிறது.