எடை போட்ட தீனி

இந்த ஊரில் பன்றிக்குத் தீனியை எடை போட்டு வைக்கிறார்கள். மிச்சம் விட்டால் அதையும் எடை போடுகிறார்கள். பன்றியின் வயிறும் கொழுப்பும் ஏறக்குறைய நம்முடையதைப் போலவே வேலை செய்கின்றனவாம். மனிதர் ஏன் பருத்துப் போகிறார்கள் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு அதுதான் வேலை. அவருடைய சொந்த ஊரான படாளத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஒருமுறை கொட்டகைக்குப் போனேன். திரும்பக்கூட இடமில்லாத கம்பிக்கூண்டில் ஒவ்வொன்றும் நின்றது. உடனே வீட்டுக்குப் போய்விடவேண்டும் போலிருந்தது. வீடு என்பது இரண்டாம் மாடியில் ஓர் அறை, வெளியே பனி, கார் ஓட்டத் தெரியாத நான், ஒரு வயதுப் பிள்ளை.

போன வாரம் பிள்ளையைக் கிளினிக்கில் காட்டினோம். எடை பார்த்த நர்ஸ், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள். ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்றேன்.

எங்கள் ஊர் கோவளத்தில் அப்படித்தான் சொல்வோம். கூடையை இறக்கியபடியே மீன்காரம்மா கேட்பார்: "இன்னாம்மா, புள்ள நல்லா துன்றானா?"

"எங்கக்கா, ஒரு வாய்கூட எறங்கல."

"ஆமா, காத்தக் குடிச்சே இப்டி கீறான்."

நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பெற்றவளே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சாப்பிடாமலே இவ்வளவு எடையென்றால் சுரப்பியில் கோளாறு இருக்கலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், இரவில் தாய் உடன் தங்கக்கூடாது என்றார் டாக்டர். என் கணவரும் தலையாட்டினார். அவரிடமும் தினமும் அதையேதான் சொல்லிவந்திருக்கிறேன்.

"எங்க கொட்டாயிலயும் அப்டி ஒண்ணு கீது. கொஞ்சமாத்தான் துன்னும், கொழுப்பு ஏறிகினே இருக்கும்" என்றார்.

"என்னங்க, இவன் நல்லா சாப்பிடுறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு இல்லன்ன?"

"கண்ணு பட்டுடும்னுதான்."

நானே டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: மூன்று வேளை பருப்புசாதம், நெய், கேட்டபோதெல்லாம் பால். டாக்டர் சிரித்தார். ரத்தம் வேண்டாம், நெய்யைக் குறையுங்கள் என்றவர், அருமையாகச் சாப்பிடும் பிள்ளை என்று நர்ஸுக்கும் கேட்கும்படி சொன்னார்.

கிளினிக் வாசலில் காலடி மண் எடுத்துச் சுற்றிப்போடக் குனிந்தேன். மண் பனிக்கடியில் எங்கோ ஆழத்தில் இருந்தது. கையுறையைக் கழற்றி, ஒரு பிடி பனியை அள்ளி, பிள்ளையின் தலையை மூன்று முறை சுற்றினேன். இது கணக்கில் சேருமா என்று கேட்கக் கோவளத்துக்கு டிரங்க் கால் போடவா முடியும்? வீசக் கையை விரித்தபோது பாதி தண்ணீராகி மணிக்கட்டு வழியே ஸ்வெட்டருக்குள் இறங்கியிருந்தது.