கல்வராயன் மலையில் ஒரு கடற்கரை வீடு

வெள்ளிக்கிழமை, காலை 5.00. கிளாம்பாக்கத்தில் கள்ளக்குறிச்சி பேருந்தில் ஏறியபோது என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு பெரிய சங்குகள், தெர்மாகோல் உருண்டைகளுக்கு நடுவே பத்திரமாகப் படுத்திருந்தன. மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் "அலங்காரச் சாமான் சார், உடைஞ்சிடும்" என்றேன். பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கலாமா என்று அவர் சற்று யோசித்தார். பிறகு மனமிரங்கி எனக்கு மட்டும் கிழித்தார்.

நான் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவன். பன்னிரண்டு வருடம் ஒரு முதலாளியிடம் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் ரோஷப்பட்டு வெளியே வந்தேன். தனியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர். சொந்த ஊர் நைனார்பாளையம். சென்னையில் இரும்புக்கடை வைத்து நன்றாக வந்துவிட்டார். கச்சிராயபாளையத்துக்கு மேலே, மலை ஏறும் சாலையோரம் இரண்டு ஏக்கர் வாங்கி, கோடையில் வந்து தங்க ஒரு வீடு கட்டியிருந்தார். நான் காட்டிய படங்களில் வெள்ளையும் நீலமுமாக இருந்த கடற்கரை வீட்டின் மேல் விரலை வைத்து, "இதான் வேணும்" என்றார்.

மலையில் கடலா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை இல்லாதவன் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன் தம்பி. புடிச்சிருந்தா காம்பவுண்டு சுவரையும் உங்கிட்டயே குடுத்துடறேன். ஆறடி உயரம், மேல கண்ணாடிச் சில்லு. எவன் எவனோ பூந்து போறான். அந்த ஊர்ல என்னை யாருக்குத் தெரியும்?" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அந்தச் சுவரை நம்பித்தான் என் அடுத்த ஆறு மாத வீட்டு வாடகை நின்றுகொண்டிருந்தது.

காலை 10.40, கள்ளக்குறிச்சி. வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பந்தல் கடைக்குப் போனேன். கடற்கரை வீடென்றால் வாசலில் வெயில் மறைக்கும் துணியும், கால் நீட்டிச் சாய ஒரு நீளப் பலகையும் கட்டாயம் வேண்டும். வீடு திறக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால் உட்கார நாற்காலியும் வேண்டும்.

"இன்னா சார் வோணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு சாமியானா. வெள்ளை மட்டும். ஜாலர் வேண்டாம், சீரியல் லைட் வேண்டாம், கலரே கூடாது."

அவர் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "யாரு வூட்டுக்கு சார்?"

சொன்னேன். "கூடவே ஒரு நீள பெஞ்ச். வாசலுக்கு நேராப் போட்டு வெள்ளைத் துணி விரிக்கணும். அப்புறம் அம்பது சேர்."

"பெரியவரு எப்ப வராரு?"

"நாளைக்குப் பத்து மணிக்கு, மெட்ராஸ்லேர்ந்து வண்டியில. வந்ததும் பெஞ்சிலதான் படுப்பார்."

அவர் 'ச்சு' கொட்டினார். வாடகையைக் குறைத்துக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், "இதுக்குப் போயி பேரம் பேசுவனா சார்? குடுக்கறதக் குடுங்க. தண்ணி டிரம்மு ரெண்டு நானே போட்டுடறேன்" என்றார். சென்னையில் பன்னிரண்டு வருடமாகப் பந்தல்காரர்களோடு மல்லுக்கட்டிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் தங்கமானவர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிற்பகல் 1.30. பந்தல் சாமான் ஏற்றிய வண்டியிலேயே நானும் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் வரை இருபுறமும் கரும்பு. கோமுகி அணை வலதுபக்கம் ஒருமுறை தெரிந்து மறைந்தது. வழியில் டிரைவர் மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தி, ஆட்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டு வந்தார். கடைசி டீக்கடையில்தான் வீட்டுச் சாவி இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை, மூங்கில்துறைப்பட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். மலைச்சாலையில் இரண்டு வளைவு ஏறியதும் வீடு வந்தது, கைப்பேசியில் சிக்னல் போனது. பந்தலைக் கட்டி, பெஞ்சைப் போட்டுவிட்டு, டிரைவர் என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்க சார்" என்றார். என் தொழில் கஷ்டம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

மாலை 5.30. சென்ற வாரமே அனுப்பியிருந்த சாமான்களைப் பிரித்து மாட்டி முடித்தேன். வெள்ளைத் திரை, நீலத் திண்டு, சுவரில் மீன்வலை, மூலையில் துடுப்பு. அணையில் பரிசல் விடுகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் படத்தில் இருந்தது போலவே இருந்தது. மிச்சம் சங்குகள்தான். ஒன்றில் தெர்மாகோல் உருண்டை மாட்டிக்கொண்டு வர மறுத்தது. வாசலுக்கு வந்து வாயில் வைத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. மூன்றாம் முறை உருண்டை துப்பாக்கிக் குண்டாகப் பறந்தது. கூடவே 'பூம்' என்று ஒரு சத்தம் எழுந்து, மலையில் மோதித் திரும்பிப் பள்ளத்தில் இறங்கியது. எனக்கே மெய்சிலிர்த்தது. இவ்வளவு நன்றாக ஊதுவேன் என்று தெரியாமல் நாற்பத்தைந்து வயதை வீணாக்கிவிட்டோமே என்று இன்னும் இரண்டு முறை ஊதினேன்.

சனிக்கிழமை, காலை 7.30. கதவைத் திறந்தால் பந்தலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வீட்டைப் பார்க்க வந்தீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. ஒருதரம் பாத்துட்டுப் போயிடலாம்னு" என்றார் தலையில் துண்டைப் போட்டிருந்த ஒருவர். மேலிருந்து இறங்கி வந்தவர், சாமை விதைக்கிறவராம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்பது மணிக்குள் ஐம்பது நாற்காலியும் நிறைந்துவிட்டது. ஒருவர் கையில் ரோஜா மாலை. வீடு திறப்புக்கு மாலையோடு வருகிறார்களே, என்ன பண்பு என்று நினைத்தபோதுதான் டவுன் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினாள். அஞ்சலை.

"வேலி போடாத மவராசா! எங்க ஆடு மேய வுட்டியே! அணைக்குப் போற வழிய அடைக்காத சாமீ, நீ போயிட்டியே!"

பெண்கள் அத்தனை பேரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வெள்ளைப் பந்தல், பெஞ்ச், தண்ணீர் டிரம், சங்கு. நான் நேற்றிலிருந்து செய்த ஒவ்வொன்றும் வரிசையாக என் கண்முன் வந்தது. "ஐயோ, அவர் உயிரோடதான் இருக்கார்!" என்று கத்தினேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

சரியாகப் பத்து மணி. கார் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். முன் கதவு திறந்து பெரியவர் தானே இறங்கினார். அழுகை நடுவழியில் நின்றது. அஞ்சலை மட்டும், ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாமல், அவரைப் பார்த்துக்கொண்டே "வேலி போடாத மவராசா" என்று இன்னொரு வரி பாடிவிட்டாள்.

என் தொழில் அந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் பந்தலைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்காடீ அழுதீங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"வேற யாருக்கு ஐயா? சங்கு ஊதுச்சுன்னாங்க. போட்டது போட்டபடி ஓடியாந்தேன்."

அவர் பெஞ்சில் உட்காரப் போனார். நாலு பேர் பாய்ந்து தடுத்தார்கள். அடுத்த சிக்கல் மாலை. சாவு வீட்டுக்கு எடுத்து வந்ததைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது. உயிரோடு நிற்கிறவர் கழுத்தில் போடவும் முடியாது. சாமைக்காரர் தீர்ப்பு சொன்னார்: "ஊதுன சங்குக்கே போடுங்க." மாலையோடு சங்கைப் பள்ளம் தோண்டிப் புதைத்தோம். பிறகு அஞ்சலை குடத்தோடு வந்தாள். "தல முழுவாம யாரும் உள்ள போவக் கூடாது. ஐயா, நீங்களுந்தான்." தன் சாவுக்குத் தானே வந்து தலை முழுகிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன். டிரம் தண்ணீர் இரண்டும் காலியாயிற்று.

பகல் 1.00. ஈரத்தலையோடு பெரியவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மீன்வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும். வெள்ளைய மட்டும் எடுத்துடு தம்பி, மஞ்சளடிச்சுடு" என்றார்.

"சுவர் சார்?"

வாசலில் ஆடுகள் அவருடைய இரண்டு ஏக்கரைக் குறுக்கே கடந்து அணைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. "வேலி போடாத மவராசான்னு அழுதுட்டாளேப்பா. இனிமே எப்படிப் போடறது?" என்றார். ஆறு மாத வாடகை ஆடுகளோடு போவதைப் பார்த்தபடி நின்றேன். ஆனாலும் கோபம் வரவில்லை. உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிறு இரவே சென்னை திரும்பிவிட்டேன். மிச்சமிருந்த சங்கை மனைவி ஷோகேஸில் வைத்திருக்கிறாள். எங்கள் அடுக்குமாடியில் நாற்பத்தெட்டு வீடுகள். பதினோரு வருடமாக இருக்கிறோம். ஒரு நாள் தூசு தட்டும்போது அதை வாய்வரை கொண்டுபோனேன். கச்சிராயபாளையத்தில் ஆட்கள் வந்ததைப் பார்த்துப் பயந்தவன் நான். இங்கே ஊதி ஒரு கதவும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.