இப்ராம்சா பாய் ஊற்றிக் கொடுத்த கிரீன் டீ

கொடைக்கானல் பஜாரில் என் தைலக் கடைக்கு அடுத்தது இப்ராம்சா பாயின் தேயிலைக் கடை. இருபது வருசம் டீத்தூள் விற்றவர், நாலைந்து வருசமாகத்தான் கிரீன் டீ விற்கிறார். வெந்நீரில் நாலு இலை, பாலில்லை, சர்க்கரையில்லை. இதை ஏன் இப்படி விழுந்து விழுந்து வாங்குகிறார்கள் என்று என்னிடம் கேட்டுக் குழம்புவார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

ஆனால் விற்கத் தெரியும். வாங்க வருகிறவர்கள்தான் அவருக்கு வாத்தியார்கள். பெங்களூர்க்காரர் தொப்பை கரையும் என்றால், அதை அடுத்து வரும் கேரளக் குடும்பத்திடம் சொல்வார். அவர்கள் கொழுப்புக்கு நல்லது என்றால், அது அதற்கடுத்த ஆளுக்குப் போகும். ஒருவர் தூக்கம் வரும் என்றார், இன்னொருவர் தூக்கம் போகும் என்றார். எது சரி என்று ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, பாய் இரண்டையும் வைத்துக்கொண்டார். ருசி பார்க்கிறவர்களுக்காக வாசலில் ஒரு பிளாஸ்கும் காகிதக் கப்புகளும் எப்போதும் இருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

அவர் மனைவி ஃபக்ருன்னிசாவுக்கு ரத்தம் குறைவு. ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மதியம் கடைக்குச் சோறு கொண்டு வந்து, இருவரும் சாப்பிட்டு முடித்ததும் அவர் மாத்திரையைக் கையில் எடுப்பார். பாய் பிளாஸ்கைத் திறந்து கிரீன் டீ ஊற்றி நீட்டுவார். வெறும் தண்ணீரைவிட இதில் போட்டால் வெரசாக ரத்தம் ஊறும் என்பது அவர் கணக்கு. ஒருநாள்கூடத் தவறவில்லை.

மூன்று மாதமாகியும் ரத்தம் ஏறவில்லை. வீட்டுக்குப் போகும் மேட்டை ஒரே மூச்சில் ஏறுகிற அந்த அம்மா, இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து போனார். இன்னும் குறைந்தால் மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பாய் பயந்துபோனார். டீயை இரண்டு கப்பாக்கினார்.

போன மாதம் என் வண்டியில்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மாத்திரையை எதில் போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பாய் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தேயிலை இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது பாய். சாப்பாட்டோட, மாத்திரையோட குடிக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.”

“அப்ப அது நல்லதா, கெட்டதா? ஒண்ணச் சொல்லுங்க.”

“நல்லதுதான். நேரந்தான் தப்பு.”

பாய்க்கு அது மண்டையில் ஏறவில்லை. நல்லது எப்படி ஒரு நேரம் கெட்டதாகும் என்று வண்டியில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று எனக்கும் பாவமாக இருந்தது.

கடையைத் திறந்ததும் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் வந்து, இது உடம்புக்கு நல்லதா என்று கேட்டார். பாய் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பிறகு, உங்களுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மா பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மறுநாள் மதியம் ஃபக்ருன்னிசா மாத்திரையை எடுத்தபோது, பாயின் கை பழக்கத்தில் பிளாஸ்குக்குப் போய் நின்றது. ரெண்டு மணி நேரம் கழித்து டீ தருகிறேன் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

“வேணாங்க. அந்தக் கசப்பு எனக்கு மொத நாள்லருந்தே பிடிக்கல.”

“பெறகு எதுக்குக் குடிச்ச?”

“முப்பது வருசத்துல நீங்க ஒங்க கையால எனக்கு ஊத்திக் குடுத்தது அது ஒண்ணுதான.”

பாய் என்னைப் பார்த்தார். நான் என் கடைக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவர் எழுந்து போய் வெந்நீர் வாங்கி வந்து, காகிதக் கப்பில் ஊற்றி, ஆற்றிக் கொடுத்தார்.