பச்சை ஓடிய திருநீறு

பத்து பெரண்டாம் என்ற ஊரில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் பின்புறக் குளத்தில் ஆகாயத்தாமரை வளர்க்கிறோம். அழகுக்கு அல்ல. கழிவுநீரில் கரைந்திருக்கும் செம்பை அதன் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். செடியை வாரிக் காயவைத்து, எரித்து, சாம்பலை டிரம்மில் அடைத்து, செம்பைப் பிரித்தெடுக்க அனுப்புவோம். குளம் என் பொறுப்பு. எரிப்பவர், வேலிக்கு வெளியே மரத்தடியில் இருக்கும் முனீஸ்வரர் கோயில் பூசாரி. பகலில் சூளை, சாயங்காலம் பூசை. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி, மகளின் நாக்கில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இருமல் விட்டபாடில்லை. நெற்றியிலும் பட்டையாகப் பூசியிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பட்டையில் லேசாகப் பச்சை ஓடியது. தினமும் டிரம்மில் நான் பார்க்கிற பச்சை.

"இது எங்க வாங்கின?"

"கோயில்லதான். மாமா மடிச்சுக் குடுத்தாரு. ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போகுது?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். வாய்க்குள் விரலை விட்டுக் கழுவினேன். அவள் வீறிட்டாள். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே மனைவி நினைத்திருப்பாள். ஈரக் கையோடு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாய்யா, நம்ம சூளைச் சாம்பல்தான்," என்றார் பெருமையாக. "பாக்கெட்ல விக்கிறதெல்லாம் வெறும் சுண்ணாம்பு மாவு லா. இது சுத்தம். நானே துணியில சலிச்சேன்."

"மாமா, அது செம்பைக் குடிச்ச செடி!"

"தெரியும்பா. அதான் தீயில போட்டாச்சே. தீ பட்டா எந்த அழுக்கு நிக்கும்?"

"செடிதான் மாமா எரியும். செம்பு எரியாது. அது மிஞ்சணும்னுதானே எரிக்கிறோம்!"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என்னென்னவோ கத்தினேன். கடைசியில் அவர், "பாப்பா எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். குரல் உடைந்திருந்தது. அந்தத் திருநீற்றை வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் உடனே போகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கிளினிக்கில் இருந்த மலாய் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நாக்கை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒரு சிட்டிகை என்றால் அவ்வளவு பயமில்லை, எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்றார்.

"இன்னைக்கு மட்டும்தான்," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் நெற்றியில் அந்தப் பட்டை இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் துடைக்க விரலை நீட்டினேன்.

அவள் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். காலையும் மாலையும் செய்து பழகியவளாக, அப்படியே காத்திருந்தாள்.

"இருமல் வந்த நாள்லேருந்துங்க," என்றாள் மனைவி.