வெள்ளையாக விட்ட தெரு

மெஹருன்னிசாவின் தம்பி போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா மௌத்தாயிட்டாங்க" என்றான். அவள் இறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது. வாணியம்பாடிக் கல்லூரியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் அதன் பிறகு என்னைத்தான் கேட்கிறார்கள்: வேலையை விட்டபின் அவள் எப்படி இருந்தாள், ஏன் யாரோடும் பேசவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அவள் வேதியியல், நான் இயற்பியல். இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பாலாற்றங்கரைத் தெருக்களின் கிணற்று நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று எங்கள் இரு துறைகளும் சேர்ந்து அளந்தன. எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் போடுவது என்று முடிவு செய்ய நகராட்சி எங்களிடம் வரைபடம் கேட்டிருந்தது. மென்பொருள் வாங்கித் தரத் துறையில் வழியில்லை. ஒரு கணினிப் பத்திரிகையோடு லினக்ஸ் குறுந்தகடு இலவசமாக வந்தது. அதில் அளவுகளைப் படமாக்கும் மென்பொருள்கள் சில இருந்தன. எது நமக்கு ஆகும் என்று பார்க்க உட்கார்ந்தோம்.

முதலில் நிறுவப் பார்த்தது, இன்னொரு கோப்பு இல்லாமல் வரமாட்டேன் என்றது. அதைத் தேடிப் போட்டால் அதற்கு வேறொன்று வேண்டுமாம். மெஹர் சிரித்தாள். "இன்னா தோஸ்த் இது பேஜாரு? மாப்ளைய கூப்ட்டா மாமன் வந்தாத்தான் வருவேன்றான். மாமன கூப்ட்டா சித்தப்பாவுக்குப் பத்திரிகை வெச்சியான்றான்." எல்லோரையும் அழைத்து முடித்த ஒரு மதியம் படம் வந்தது. உப்பு மிகுந்த இடம் சிவப்பு, நல்ல நீர் நீலம், நடுவே மஞ்சளும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரைந்தன. நான் கை தட்டினேன்.

மெஹர் தட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து வந்து திரைக்கு முன்னால் வைத்தாள். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் நீர் எடுக்கப் போய், காலியாகவே திரும்பக் கொண்டுவந்த பாட்டில். அந்தத் தெரு திரையில் நல்ல நீலமாக இருந்தது.

"அங்க நாம தண்ணியே எடுக்கல. கலர் எங்கேர்ந்து வந்துச்சு?"

"பக்கத்துத் தெருக் கிணத்தையெல்லாம் வெச்சு அதுவே கணக்குப் போட்டு நிரப்பிக்குது" என்றேன்.

"உப்பு ஜாஸ்தியாகித்தான் அங்க எல்லாக் கிணத்தையும் மூடிட்டாங்க. மூடினதால நம்மகிட்ட நம்பர் இல்ல. நம்பர் இல்லன்னா நல்ல தண்ணியா? இத குடுத்தா அவங்களுக்குக் கொழா கடைசிலதான் வரும்."

அதன்பின் எதை நிறுவினாலும் அதே அளவுகளைக் கொடுத்து அந்தத் தெருவை மட்டும் பார்த்தோம். தெரியாத இடத்தில் இது என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. முதல் மென்பொருளிலேயே நிரப்பாமல் விடச் சொல்ல ஏதாவது வழி இருந்திருக்கலாம், எங்களுக்கு அகப்படவில்லை. கடைசியில் க்னூபிளாட் என்ற மென்பொருளில் நின்றோம். ஒவ்வொரு கட்டளையையும் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் கேட்டபடி, அளந்த கிணறுகளில் மட்டும் குறி வைத்தது. நல்ல நீருக்கு வட்டம், உப்பு நீருக்குப் பெருக்கல் குறி. மற்றதெல்லாம் வெள்ளை.

துறைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா, கோலத்துக்குப் புள்ளி வெச்சிட்டுக் கோடு போட மறந்துட்டீங்களா? அந்தக் கலர் படம் ஜோரா இருந்துதே."

"கோடு போட்டா அது நாமளா போட்டது சார். கிணறு சொன்னது இல்ல" என்றாள் மெஹர். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நகராட்சிப் பொறியாளரின் விரல் படத்தின் மேல் அலைந்து அந்த வெள்ளையில் நின்றது. "இங்க இன்னாம்மா, ஒண்ணுமே காணோம்?"

"அதத்தான் சார் நீங்க வந்து பாக்கணும்."

வந்தார். மூடிய கிணறுகளைப் பார்த்தார். முதல் குழாய் அந்தத் தெருவுக்குத்தான் போனது.

நான் இப்போது வேறு ஊரில் இதே வேலையைச் செய்கிறேன். எவ்வளவு அழகான படம் வந்தாலும், இதில் அளக்காத இடம் எது என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் பழக்கம் அவளுடையது. அவளுடைய கடைசி வருடங்களைப் பற்றிச் சில கதைகள் என் காதுக்கும் வருகின்றன. முன்னால் தெரிந்ததை வைத்து எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவில்லை, அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

வெள்ளையாக இருந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன்.