மாதப்பன் சாரின் விராலி வேலி

அதியமான்கோட்டையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. “தமிழய்யா, நம்ம மாதப்பன் சார் போயிட்டாருங்க” என்றார் பள்ளி அலுவலக உதவியாளர். போக வேண்டிய வேலையை விட்டுவிட்டு இண்டூருக்குப் புறப்பட்டேன்.

மாதப்பன் சார் கணக்கு ஆசிரியர். பல ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எதையும் சும்மா நம்ப மாட்டார். டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்றால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்.

ஓய்வுபெற்றதும் இண்டூர் அருகே கொஞ்சம் நிலம் வாங்கினார். ஆடுகள் புகாமலிருக்க வேலி வேண்டும். கம்பி வேலி போடச் சொன்னேன். “ஆடு வாய் வெக்காத செடி இந்தக் கரட்டுலயே கெடக்குதுங்க அய்யா, கம்பி எதுக்கு?” என்றார். கோடையிலும் பச்சை மாறாத விராலிப் புதரைத்தான் சொன்னார். ஆனால் பார்த்த புதரெல்லாம் விராலியாகிவிடுமா? இலையைக் கசக்கினால் விரலில் பிசுபிசுக்கிறதா, காய்க்குக் காகிதம் போலச் சிறகு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் விதை எடுத்தார். கூடப் போன பாவத்துக்கு என் வேட்டி கிழிந்தது.

முதல் மழைக்கு விதைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. பக்கத்து நிலத்தில் ஆடு வளர்க்கும் முனியம்மா, “சாரு வேலிக்கு வெதச்சாரா, எறும்புக்கு வெதச்சாரா?” என்று சிரித்தார். சாரும் சேர்ந்து சிரித்தார். விதைத்தோல் கெட்டியாக இருப்பதைக் கவனித்து, அடுத்த முறை கொதிநீர் ஊற்றி ஊறவைத்தார். “வெதையா, கொள்ளா? வேக வெக்கறீங்களே!” என்று அவர் மனைவி ருக்குமணி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். வெந்ததாக நினைத்த விதை முளைத்து வேலியாயிற்று.

இரண்டொரு வருடத்தில் சிவந்த காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. வாசலோரம் ஒரு செடி மட்டும் காய்க்கவே இல்லை. “மலட்டுச் செடிங்க சார், புடுங்கிப் போடுங்க” என்றார் முனியம்மா. எங்களுக்குக் காபி கொண்டுவந்த ருக்குமணி அம்மாள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. விசேஷ வீடுகளில் அந்தச் சொல் அவர் காதுபடவே விழுந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. சார் செடியைப் பிடுங்கவில்லை.

அடுத்த பூப்பருவத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாக அந்தச் செடியடியில்தான் கிடந்தார். ஒருநாள் எங்கள் மூவரையும் அழைத்தார். காய்க்கும் செடியின் பூவில் நடுவே நீண்ட சூல்தண்டு இருந்தது. இந்தச் செடியின் பூவில் மகரந்தப் பைகள் மட்டும்தான்.

“இது ஆண் செடி. இதோட தூளு காத்துல போயித்தான் மத்ததெல்லாம் காய்க்குது. பாக்காமயே பேரு வெச்சிட்டோம்” என்றார். மனைவியைக் காட்டி, “எங்க வூட்லயும் அப்படித்தான். டெஸ்ட் எடுத்தப்ப கொறை எனக்குன்னுதான் வந்துச்சு. நான் தலைகுனியக் கூடாதுன்னு இவ வாயத் தொறக்கல. நானும் சும்மா இருந்துட்டேன். அது பெரிய தப்பு” என்றார்.

“இப்ப எதுக்குங்க அதெல்லாம்?” என்று ருக்குமணி அம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். முனியம்மா அவர் கையைப் பிடித்து, “தெரியாம பேசிட்டேன் ஆத்தா” என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமும் மரியாதையும் ஒன்றாக வந்தன. ஒரு கணக்கு வாத்தியார் விடையை இத்தனை தாமதமாகவா சொல்வது?

நேற்று பாடையைத் தூக்கும் நேரத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. புள்ள இல்லியே, கொள்ளி யாரு வெக்கறது? பங்காளிகள் தங்களுக்குள் ஆள் தேடத் தொடங்கினார்கள்.

“நான் வெக்கறேன்” என்றார் ருக்குமணி அம்மாள்.

“பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றது...” என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

முனியம்மா முன்னால் வந்தார். “அவங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்குங்க? வழிய வுடுங்க.”

கூட்டம் விலகியது. அந்த அம்மாள் கொள்ளிச் சட்டியோடு முன்னே நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். கொள்ளி வைக்க ஆளில்லாதவர் என்று இனி உங்களை யாரும் சொல்ல மாட்டார்கள். போய் வாருங்கள், சார்.