இரண்டு வாய்க் காபரேட்டர்

பெட்ரோல் மணம். அம்பிட்டிய மேட்டில் ஏதோ ஒரு பழைய கார் திணறி நிற்கிறது. காற்றோடு அந்த மணம் உள்ளே வந்ததும் அண்ணனைக் காக்கவைத்த அந்த மூன்று மாதங்களும் கூடவே வந்துவிடுகின்றன.

கண்டியில் ஓடும் பழைய கார்களில் முக்கால்வாசிக்கு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு ஊட்டுவது ஒரே வகைக் காபரேட்டர்தான். ஒற்றை வாய், உள்ளே ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய். முரண்டு பிடிக்காது. அதற்கான சாமான் கட்டுகஸ்தோட்டை உதிரிப்பாகக் கடையில் மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். அண்ணனின் காரில் இருந்ததோ இரண்டு வாய் இத்தாலியக்காரி. ஏற்றத்தில் இரண்டாவது வாய் திறக்கும்போது ஆழமாக ஓர் உறிஞ்சல் சத்தம் எழும். அதைக் கேட்பதற்காகவே ஹேவாஹெட்ட வளைவுகளில் மிதித்த காலை எடுக்கமாட்டார்.

அவர் நோயில் விழுந்த வருடம் அந்தக் காபரேட்டருக்குள் இருந்த ரப்பர்ச் சவ்வு கிழிந்தது. கார் நின்றது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஹேவாஹெட்டவில் அம்மாவைப் புதைத்த இடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வர வேண்டும். வேன் பிடிக்கலாம் என்றேன்.

"வேன்ல ஏத்திவிட நான் என்ன மூட்டையாடா?"

கடைக்கார முஸ்லிம் நானா காபரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குச் சவ்வு வெளிநாட்டுலயிருந்து வரணும். இந்தச் சாமான் பெரிய எடத்து மாப்பிள்ளை. வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு கெழவியாகிடும். மத்த சாதாரணது கடையிலயே ஈக்கி, ரெண்டு நாள்ல மாத்தித் தாறேன்."

அண்ணனும் அதையே சொன்னார்: "எதையாச்சும் போடுடா. ஏறுனா போதும்."

நான்தான் கேட்கவில்லை. அதுவே அவருடைய கடைசி ஓட்டமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே, அந்தச் சத்தம் இல்லாமல் அவரை அனுப்ப மனம் வரவில்லை. "பொறுங்கண்ணே, வந்துரும்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவருடைய கால்கள் வீங்கின. பிறகு படியிறங்க முடியவில்லை.

சவ்வு வந்தது, தீப்பெட்டி அளவுப் பொட்டலத்தில். பொருத்தி, வாசலிலேயே ஸ்டார்ட் செய்து மிதித்தேன். அதே சத்தம். ஜன்னலோரக் கட்டிலில் அவர் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வண்டி வந்தது. தூக்கி ஏற்றும்போது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அம்மாகிட்ட நீயாச்சும் போயிட்டு வா. மேட்டுல நிறுத்திறாத, சூட்டுல லேசுல ஸ்டார்ட் எடுக்காது."